பாறையின் இடுப்பளவு

கடலில் பாதியும் கரையில் பாதியுமாக நிற்கும் ஒரு பாறைக்குக் கெத்தாப்பாங் என்னும் நாட்டுவாதுமை மரத்து இலையால் ஒட்டியாணம் செய்து போட வேண்டும். கடல் ஏறும்போது அது மிதந்து, பாறையைச் சுற்றியபடியே மேலே வர வேண்டும். பசை கூடாது, கம்பி கூடாது, நைலான் கூடாது. அந்தக் கரையில் தானாக விழுந்து கிடப்பதைத் தவிர வேறு எதுவும் அதில் சேரக் கூடாது. இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் காசு தரவும் இல்லை. ஆகவே சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சவும் ஆளில்லை.

இடம், மலேசியாவின் பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா என்னும் ஊர். ஜெட்டி படகுத்துறையிலிருந்து தெலுக் பாஹாங் போகும் 101ஆம் எண் பஸ்ஸில் ஏறி, வலப்பக்கம் மிதக்கும் பள்ளிவாசல் தெரியும்போது இறங்கிக்கொண்டால் கடற்கரை பக்கம்தான். அங்கே மணலைவிடப் பாறைகள்தான் முதலில் கண்ணில் படும். பத்து பெரிங்கி வரைக்கும் கரையோரம் முழுக்க இப்படியே உருண்டு திரண்ட கருங்கற்கள்.

அலைதான் இவற்றை உருட்டித் தேய்த்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உருட்டும் வேலை பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல். பூமிக்கடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கல்லில், வெடிப்பு வழியே மழைநீர் இறங்குகிறது. தட்டையான முகத்தை அது ஒரு பக்கமிருந்துதான் அரிக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கமிருந்தும் மூலையை மூன்று பக்கமிருந்தும் அரிக்கும். மூலைகள் முதலில் இற்று மண்ணாகின்றன, நடுக்கல் உருண்டையாக மிஞ்சுகிறது. பிறகு மழையும் கடலும் சுற்றியுள்ள மண்ணைக் கழுவிக்கொண்டு போக, உருண்டை வெளியே வந்து நிற்கிறது. கையால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. அலை தேய்த்த வழவழப்பு அடிப்பகுதியில் மட்டும்தான்.

நான் தேர்ந்துகொண்ட பாறை என் உயரத்துக்குச் சற்று அதிகம். உயரத்தைவிட அதன் உடல்வாகுதான் எனக்கு வேண்டியிருந்தது. மணலை ஒட்டிய அடிப்பகுதி ஒடுங்கியிருக்கிறது. அங்கிருந்து விரிந்துகொண்டே போய், தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் வயிறு தள்ளி நிற்கிறது. அதற்குமேல் மறுபடி ஒடுங்குகிறது. பருத்தி நூலைச் சுற்றி அளந்தேன். அடியில் 5.5 மீட்டர். வயிற்றில் 7 மீட்டருக்கு இரண்டு விரற்கடை குறைவு. தோள் என்று சொல்லத்தக்க இடத்தில் 6 மீட்டர்.

முழு வேலையும் இந்த மூன்று அளவுகளுக்குள் அடங்கிவிட்டது. வளையத்தை அடியின் அளவுக்குச் செய்தால், கடல் ஏறும்போது வயிற்றுக்குக் கீழே மாட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கும். தோளின் அளவுக்குச் செய்தாலும் அதே கதி. வயிற்றின் அளவுக்குச் செய்தால் மட்டும்தான் கடைசிவரை ஏறும். அப்போது அடியில் ஒன்றரை மீட்டர் உபரியாக மணலில் மடிந்து கிடக்கும். நீர் வயிற்றை எட்டும் சில நிமிடங்கள் மட்டும் கச்சிதமாகப் பிடித்து நிற்கும். தாண்டியதும் மறுபடி தளர்ந்துவிடும். தளர்வு, இறுக்கம், தளர்வு என்ற இந்த மூன்று நிலைகளையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பாறையின் வடிவமும் கடலின் ஏற்றமும் சேர்ந்து அவற்றை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தன. நான் கொடுக்க வேண்டியது 7 மீட்டர் இலை நாடா, கூடவே ஒரு சாண் இளக்கம்.

வீட்டில் இதைச் சொன்னபோது, “கோலம் மாதிரிதானே?” என்று கேட்டார்கள். இயற்கைப் பொருளில் செய்து அன்றைக்கே அழியும் எதைக் காட்டினாலும் நம் வீடுகளில் உடனே கோலத்தை இழுத்துவந்துவிடுகிறோம். கோலத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் புள்ளிக்கணக்கு போடுகிறவரின் கையில் இருக்கிறது. அதே சிக்குக்கோலத்தைத் தைப்பிங்கிலும் போடலாம், தஞ்சாவூரிலும் போடலாம். இந்த ஒட்டியாணத்தைப் பக்கத்துப் பாறைக்கு மாட்ட முடியாது. அதன் வயிறு வேறு.

இடம்சார் கலை என்று சொல்லப்படும் இந்த வகையில் பெரிய பெயர்கள் உண்டு. ரிச்சர்ட் லாங் 1967இல் இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து நடந்து, புல் மடிந்து உண்டான கோட்டை ஒரு புகைப்படமாக எடுத்துக்கொண்டு போனார். அதுதான் படைப்பு. ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பேரிக்குள் 6,000 டன்னுக்கு மேல் எரிமலைப் பாறையையும் மண்ணையும் கொட்டி, 1,500 அடி நீளத்துக்கு ஒரு சுருளைக் கட்டினார். சில ஆண்டுகளில் ஏரி உயர்ந்து அதை மூழ்கடித்தது. 2002 வாக்கில் வறட்சி வந்து நீர் வடிந்தபோது உப்பு பூத்து வெள்ளையாக வெளியே வந்தது. லாரியும் மண்வெட்டி இயந்திரமும் செய்ததைவிட ஏரி செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலைகளை முள்ளாலும் புல் தண்டாலும் இணைக்கிறவர். எனக்கு வேண்டிய பாடம் அவரிடம் இருக்கிறது. ஆனால் அவருடைய இலைகள் குளிர்நாட்டு இலைகள், மெல்லியவை. கெத்தாப்பாங் இலை வேறு ரகம்.

கெத்தாப்பாங் என்று இங்கே நாம் எல்லோரும் சொல்வது நாட்டுவாதுமை மரத்தை. பினாங்குக் கடற்கரைகளில் நிழல் என்றால் பெரும்பாலும் இதுவும் சவுக்கும்தான். கிளைகள் அடுக்கடுக்காகத் தட்டையாக விரியும். இலை அகலமானது, தோல் பதத்தில் தடித்தது, நுனியில் பரந்து காம்பை நோக்கி ஒடுங்குவது. நல்ல இலை 25 சென்டிமீட்டர் இருக்கும். பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை மரம் இலையை மாற்றும். விழுவதற்குமுன் பச்சை வடிந்து மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, இரத்தச் சிவப்பாகும். வெப்பமண்டலத்தில் இப்படி நிறம் மாறி உதிரும் மரங்கள் அதிகமில்லை. அதனால் இலையுதிர் காலத்துப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களை நான் நேரே இந்த மரத்தடிக்கு அனுப்புவேன்.

இலை பொறுக்கப் போன இடத்தில்தான் அந்தக் கரையைக் கூட்டும் அண்ணனைத் தெரியும். அறுபதை நெருங்கும் வயது, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நான் சிவப்பு இலைகளாகப் பார்த்துப் பையில் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, சண்டை மீன் வளர்க்கிறீர்களா?”

கேள்வி நியாயமானது. மீன் வளர்ப்பவர்கள் இந்த இலையைக் காயவைத்துத் தொட்டியில் போடுவார்கள். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சாறு தண்ணீரைத் தேநீர் நிறத்துக்கு மாற்றும், மீனுக்கு நல்லது என்பார்கள். நான் பாறையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. வேலைக்கு உதவும் இரண்டு விஷயங்களை மட்டும் சொன்னார்.

“கூட்டி வைத்த குவியலில் கையை விடாதீர்கள். கண்ணாடித் துண்டு இருக்கும், நாய் அசிங்கமும் இருக்கும். நான் கூட்டுவதற்குமுன் வந்து மரத்தடியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சிவப்பு வேண்டுமென்றால் அந்தக் கோடி மரத்துக்குப் போங்கள். இது மஞ்சளிலேயே உதிர்த்துவிடும்.”

அவர் சொன்னது சரி. ஒரே கரையில் நிற்கும் மரங்களுக்குள்ளேயே ஒன்று மஞ்சளோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று கறுப்புச் சிவப்பு வரைக்கும் போகிறது. தினமும் கூட்டுகிறவருக்குத் தெரிந்த இந்த வேறுபாடு, ஓவியத் தூரிகையோடு அந்தக் கரைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று சந்தேகம்தான்.

பொறுக்கிய இலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நிறம் ஓட ஆரம்பித்துவிடும். வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் சிவப்பு பழுப்பாகிவிடும், இலையும் சுருண்டுகொள்ளும். ஈரச்சாக்குக்கு நடுவே அடுக்கி நிழலில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். அடுக்கும்போதே நிறவாரியாகப் பிரித்துவிட வேண்டும். இந்தப் பிரிப்பை மின்விளக்கின் கீழ் செய்யக் கூடாது. மஞ்சள் விளக்கில் செம்மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். நான் வாசல்படியில், பகல் நிழலில் உட்கார்ந்து பிரித்தேன். விரல்களில் ஏறிய துவர்ப்புக் கறை சோப்புக்கு அசையவில்லை. ஒரு துருப்பிடித்த ஆணியைத் தொட்டுவிட்டு வந்தால் அந்தக் கறை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்து எழுதும் மையே அப்படிச் செய்யப்பட்டதுதான்.

இனி இணைப்பு. இந்த மாதிரி வேலையில் படத்தில் தெரிவது நிறம். ஆனால் வேலை என்று சொல்லத்தக்கது இணைப்பு மட்டுமே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆல இலையையும் மந்தாரை இலையையும் ஈர்க்குக் குச்சியால் தைத்து உண்கலம் செய்வார்கள், தையல் இலை என்று. நான் எடுத்துக்கொண்டது அந்தத் தையலைத்தான். தென்னை அந்தக் கரையிலேயே நிற்கிறது, மட்டையும் அங்கேயே விழுகிறது, ஆகவே ஈர்க்கு என் சட்டத்துக்கும் உட்பட்டதுதான்.

பச்சை ஓலையிலிருந்து அப்போதே கிழித்த ஈர்க்கு வளையும், ஆனால் தடித்த இலையில் குத்தினால் முனை மடங்கிவிடும். பழைய விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு சுலபமாகக் குத்தும், வளைத்தால் மட்டென்று ஒடியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. பச்சை ஈர்க்கைச் சுத்தமாகச் சீவி, நிழலில் வாடவிட்டு, கிளிப்பச்சை நிறம் வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும்போது எடுக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் அதுவே ஊசி. தடித்த அடிப்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்துக்கொண்டேன்.

தைக்கும் விதம் இது. ஓர் இலையின் பரந்த நுனியின்மேல் அடுத்த இலையின் ஒடுங்கிய காம்புப் பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி வைக்க வேண்டும். நடுநரம்பில் குத்தக் கூடாது, அது பிளந்துவிடும். நரம்பை ஒட்டி, இரண்டு கிளை நரம்புகளுக்கு நடுவே உள்ள சதையில் ஈர்க்கை இறக்கி, அடியில் அரை அங்குலம் ஓடவிட்டு, மேலே எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். இறக்கும்போது இலை லேசாக நெரியும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வறண்டு கேட்டால் இலை காய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டுதான் தொடர வேண்டும். மிஞ்சிய வாலைப் பல்லால் கடித்து எடுத்துவிடலாம். கத்தரிக்கோலைவிடப் பல் சரியான இடத்தில் வெட்டுகிறது. இலைக்கு இரண்டு தையல், நரம்புக்கு இருபுறமும் ஒவ்வொன்று.

மூன்றில் ஒரு பங்கு ஏற்றித் தைத்தால் ஓர் இலை நாடாவுக்குத் தரும் நீளம் 16 சென்டிமீட்டர்போல். 7 மீட்டருக்கு 45 இலை. ஒற்றை வரிசை தண்ணீரில் கயிறாக முறுக்கிக்கொள்ளும் என்பதால் இரட்டை வரிசை. கைக்கு அடக்கமான துண்டுகளாகத் தைத்து, ஒவ்வொரு துண்டையும் சுருட்டி ஈரச்சாக்கில் வைத்தேன். நிறவரிசை மஞ்சளில் தொடங்கி, செம்மஞ்சள் வழியாகச் சிவப்பு, கறுப்புச் சிவப்பு, பழுப்பு என்று போய், வளையம் மூடும் இடத்தில் பழுப்பும் மஞ்சளும் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் மட்டும் வேண்டுமென்றே ஒரே ஓர் ஈர்க்கு வைப்பதென்று முடிவு செய்தேன். எங்கேயாவது பிரியத்தான் போகிறது. பிரியும் வாசலை நானே வைத்துவிடலாமே என்ற எண்ணம்.

கரையில் மீன்பிடி நைலான் நரம்பு தாராளமாக ஒதுங்குகிறது. அதுவும் ‘கிடந்து எடுத்த பொருள்’தான் என்று என் மருமகன் வாதாடினான். பதினைந்து வயது, வழக்கறிஞர் ஆகப்போகிறானாம். அந்த நரம்பால் தைத்தால் வேலை கால்வாசி நேரத்தில் முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் இலையும் ஈர்க்கும் ஒருநாள் மக்கிப்போகும், நைலான் அப்படியே கிடந்து நண்டின் காலையும் ஆமையின் கழுத்தையும் பிடிக்கும். கடலுக்கே திரும்பிப் போகப்போகிற ஒன்றில் அதை எப்படிச் சேர்ப்பது? கிடைத்த நரம்பையெல்லாம் தனிப்பையில் திரட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டோம். நெகிழிக் குப்பையை வைத்தே கலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்யட்டும். அவற்றை மறுபடி அலைக்குள் வைக்காத வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நாள் குறிப்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பினாங்கில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் 50 நிமிடம்போல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் இரண்டு மீட்டர் அளவுக்கு வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் சோம்பிக் கிடக்கும். நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது பெரிய ஏற்றம். அதுவும் காலையில் தொடங்க வேண்டும். காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று, அலை அடங்கியிருக்கும். மதியம் நெருங்க நெருங்கக் கடற்காற்று திரும்பி அலை எழும்பும். பௌர்ணமிக்கு மறுநாள் எல்லாம் பொருந்தி வந்தது. கடல் அடிமட்டம் தொடுவது காலை 6.45க்கு.

ஏறும் வேகமும் ஒரே சீராக இருக்காது. படகோட்டிகளுக்குப் பன்னிரண்டு பங்குக் கணக்கு ஒன்று உண்டு. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. இரண்டு மீட்டர் ஏற்றத்தில் முதல் மணிக்கு 17 சென்டிமீட்டர்தான். மூன்றாவது மணியில் அரை மீட்டர். பாறையின் அடி அன்றைய அடிமட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருந்தது. ஆக நீர் பாறையைத் தொடும்வரை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் கிடைக்கும். வயிற்றை எட்டுவது பத்து மணியை ஒட்டி, அதுவும் முழு வேகத்தில். அதாவது ஒட்டியாணம் கச்சிதமாக நிற்கப்போகும் நேரம் மிகக் குறைவு.

அன்று நானும் மருமகனும் கரையில் இறங்கியபோது இருட்டு விலகவில்லை. பினாங்கில் ஏழு மணியை ஒட்டித்தான் வெளிச்சம் வரும். கைவிளக்கில் பாறையைச் சுற்றிப் பார்த்ததில், கடல்பக்கத்து மணல் முழுவதும் குண்டூசித் தலை அளவு மணல் உருண்டைகள். மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் உணவை வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வெளியே தள்ளும் சின்ன நண்டுகளின் வேலை அது. வளையிலிருந்து ஒரு கோடாக வெளியே போய், திரும்பி வந்து, அடுத்த கோடு. முடிவில் வளையைச் சுற்றிக் கதிர்கதிராக விரியும் வடிவம். அடுத்த ஏற்றம் வரைக்கும்தான் அதன் ஆயுள். அந்தப் பக்கம் நாங்கள் கால் வைக்கவில்லை. நாடாவை விரிக்கும் வேலை முழுவதையும் கரைப்பக்கத்திலேயே முடித்து, கடைசியில் கைமாற்றிக் கைமாற்றிப் பாறையைச் சுற்றிக் கொண்டுபோனோம். பாறையின் அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டியிருந்தன. வெறுங்காலோடு போனால் பாதம் கிழியும். பழைய ரப்பர் செருப்பு போதாது, கட்டும் காலணி வேண்டும்.

துண்டுகளை ஒன்றோடொன்று தைக்கும் வேலை விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகவும் விடிந்தபின் வேகமாகவும் போனது. கடைசி ஈர்க்கை, அந்த ஒற்றை ஈர்க்கை, மருமகன்தான் குத்தினான். கால் மணி நேரம் பாக்கியிருந்தது. 8.05 என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

நேரத்தை எழுதிவைப்பது எனக்கு ஒரு மலேசிய வழக்கம். கலைஞர்கள் ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஏசாவும் 1974இல் கோலாலம்பூரில், டேவான் பஹாசா என்னும் மொழி நிறுவனத்தில் நடத்திய கண்காட்சியில், கிடைத்த சாதாரணப் பொருள்களையே வைத்தார்கள். அவற்றில் ஒன்று வெறும் பறவைக்கூண்டு. ‘1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்ட பிறகான கூண்டு’ என்பது அதன் தலைப்பின் பொருள். பொருளைக் காலத்தில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியாகப் பாருங்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் முழுவதையும் ஏற்கிறேனோ இல்லையோ, அந்த 2.46 எனக்குப் போதும். அதைப் படித்த நாள் முதல் என் குறிப்புகளில் ‘காலையில்’, ‘சற்று நேரத்தில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

8.20க்கு முதல் நீர் வந்தது. மணலில் மடிந்து கிடந்த உபரி இலைகள் முதலில் அசைந்தன, பிறகு ஒவ்வொரு மடிப்பாக அவிழ்ந்து வெளியே விரிந்தன. பாறைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இலையின் மேல்புறம் மெழுகுப்பூச்சு உடையது. அதனால் நீர் அதில் நிற்காமல் முத்துமுத்தாக உருண்டது. மெழுகுப்புறம் மேலே இருக்கும்படி தைத்தது அதற்காகத்தான். அலையின் நுரை இடைவெளிக்குள் வந்து மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல், பாறையைச் சுற்றி வெள்ளைக் கரையாக நின்றது. இது என் திட்டத்தில் இல்லாத வரவு.

திட்டத்தில் இல்லாத இன்னொன்று பெரியது. ஒன்பதரை வாக்கில் மருமகன், “அத்தை, சிவப்பு எங்கே?” என்றான். சிவப்புப் பகுதியைச் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி கரைப்பக்கம் வைத்திருந்தோம். இப்போது கரைப்பக்கம் இருந்தது மஞ்சள். வளையம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கரையோரமாக ஓடும் நீரோட்டம் பாறையின் கடல்பக்கத்தில் வலுவாகவும் கரைப்பக்கத்தில் மந்தமாகவும் இருக்கிறது. வலுவான பக்கம் நாடாவை இழுத்துக்கொண்டு போக, மந்தமான பக்கம் பின்னால் வருகிறது. கண்ணால் பார்க்கும்போது சுழற்சி தெரியாது. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் நிறம் இடம் மாறியிருக்கும். அந்த நீரோட்டத்தை அதுவரை நான் கவனித்ததே இல்லை. பல ஆண்டுகளாகக் கால் நனைத்த கரை அது.

9.55க்கு வளையம் வயிற்றைப் பிடித்தது. சுழற்சி நின்றது. நுரை வெளியேறிவிட்டது. இலைகளின் உள்விளிம்பு கல்லில் படிந்து, அலை வரும்போது மட்டும் நாடா முழுவதும் ஒரு மூச்சு உயர்ந்து தாழ்ந்தது. நின்றது ஆறேழு நிமிடம் இருக்கும்.

படம் எடுத்தோம், இல்லாமல் என்ன. மருமகன் தன் நண்பனிடமிருந்து டிரோன் வாங்கி வருகிறேன் என்றதை மட்டும் மறுத்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் வளையம் முழுவதும் தெரியும். ஆனால் அந்தக் கரையில் நிற்கிற யாருக்கும் வளையம் முழுவதும் தெரியாது. பாதிதான் தெரியும், மறுபாதிக்குச் சுற்றி நடக்க வேண்டும், நீர் ஏறியபின் நடக்கவும் முடியாது. கைப்பேசியில் முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த படங்களில் பாதி வளையம்தான் இருக்கிறது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது.

வயிற்றைத் தாண்டியதும் எல்லாம் வேகம். வளையம் தளர்ந்தது, மறுபடி சுழலத் தொடங்கியது. அந்நேரம் தூரத்தில் ஒரு நீர் ஸ்கூட்டர் வளைந்து திரும்ப, அதன் அலை வரிசையாக வந்து மோதியது. நாடா பிரிந்தது. நான் வாசல் வைத்த இடத்தில் இல்லை; கறுப்புச் சிவப்பும் பழுப்பும் சேரும் இடத்தில். ஒற்றை ஈர்க்கு கடைசிவரைக்கும் கெட்டியாகவே இருந்தது. பழுப்பு முனை அலையில் தலைதூக்கிக் கிழக்கே திரும்ப, ஏழு மீட்டரும் அதன் பின்னால் நீண்டு, பள்ளிவாசல் திசையில் போனது. கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்ச தூரம் அதைத் தொடர்ந்து ஓடினார்கள்.

கரையில் ஒதுங்கிய துண்டுகளை மாலையில் எடுத்துப் பார்த்தேன். ஈர்க்கு ஒன்றுகூட ஒடியவில்லை, உருவிக்கொண்டு வரவும் இல்லை. கிழிந்தது எல்லாம் இலை. அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: மஞ்சள் இலையில் துளை நீண்டு சற்றுப் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான், கறுப்புச் சிவப்பிலும் பழுப்பிலும் துளையிலிருந்து விளிம்பு வரை நேராகப் பிளந்திருக்கிறது. நிறம் முதிர முதிர இழுவையைத் தாங்கும் வலு இலையில் குறைகிறது. அடுத்த நாடாவில் முதிர்ந்த நிறங்களுக்கு அடியில் ஒரு மஞ்சள் இலையை மறைவாக வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். எடை கூடும், ஆனாலும் மிதக்கும் என்றே நினைக்கிறேன். தொட்டியில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். தெலுக் பாஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்ட காப்பிடம். அங்கே போய் இலையும் கல்லும் பொறுக்க வேண்டாம். மற்ற கரைகளிலும் கிளிஞ்சலை எடுக்குமுன் திருப்பிப் பாருங்கள், உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம். வெற்றுக் கிளிஞ்சலே என்றாலும் அதற்கு ஒரு நண்டு வாடகைக்குக் காத்துக்கொண்டிருக்கும். கல்லின்மேல் கல் அடுக்கும் மோகம் இங்கேயும் வந்துவிட்டது. ஈரமாக இருக்கும் அடிப்பக்கத்தைப் புரட்டி வெயிலுக்குக் காட்டினால் அதில் ஒட்டி வாழ்பவை செத்துப்போகும். விழுந்த இலை அளவுக்குத் தொல்லை இல்லாத பொருள் வேறில்லை.

மிச்ச இலைகளை மருமகன் காயவைத்துத் தன் மீன் தொட்டிகளுக்கு எடுத்துக்கொண்டான். கூட்டும் அண்ணனை மறுநாள் காலையில் பார்த்து, என்னால் அவருக்கு வேலை கூடியிருக்குமே என்று கேட்டேன்.

“இல்லை தங்கச்சி. பெரிய துண்டு எல்லாம் அந்தக் கோடியில் போய் ஒதுங்கியிருக்கிறது. அது வேறு குத்தகையாளர் பகுதி.” விளக்குமாற்றைத் தோளில் மாற்றிக்கொண்டார். “அடுத்த தடவையும் பௌர்ணமிக்கே வையுங்கள். அமாவாசை ஓட்டம் எந்தப் பக்கம் போகும் என்று நான் ஒருநாள் பார்த்துச் சொல்கிறேன்.”